என்னையும் நம்பாதீங்க

அவரிடம் பழைய கார் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவர் சொல்வது ஒன்றுதான்.

"இந்த யாவாரத்துல எவனையும் நம்பாதீங்க மாமா. என்னையும் சேர்த்துதான் சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு காந்தத்தை எடுப்பார். கறுப்பாக, வட்டமாக, சின்ன இட்லி அளவில் இருக்கும். அதை வந்தவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கி மூடுவார். பூசாரி விபூதி கொடுப்பதுகூட இவ்வளவு பதமாக இருக்காது.

"நீங்களே வெச்சிப் பாருங்க. அடிபட்ட வண்டின்னா பட்டி பூசி மறைச்சிருப்பான். பட்டி மேல காந்தம் நிக்காது. தகரத்து மேலதான் நிக்கும். நான் அந்தாண்ட போய் நின்னுக்கறேன்."

உண்மையிலேயே அந்தாண்ட போய் நின்றுகொள்வார். வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். வைத்த இடத்திலெல்லாம் காந்தம் 'டக்' என்று ஒட்டும். பிடுங்கக் கொஞ்சம் பலம் வேண்டும். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். ஏதோ பரீட்சையில் அவரே பாஸானதுபோல. வண்டியைச் சுற்றி முடிப்பதற்குள் அவர் வாங்க வந்தவர் என்பது போய் வாங்கியவர் ஆகியிருப்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்ளும் திறமை அவருக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் காந்தக்காரர் என்றால் போதும். கடலூர் முதுநகரைத் தாண்டி, சிப்காட்டுக்குப் போகிற சாலையில், குடிகாடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய யார்டு இருந்தது. பிறகு சாலையை அகலமாக்கியபோது அது போய்விட்டது. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது யார்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் இறங்கி ஒரு டீ குடிப்பது என் வழக்கம். நான் பேசுகிற ஆள் இல்லை. பேசாதவனுக்கு டீக்கடை ஒரு நல்ல இடம். அங்கே மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அவரும் அங்கேதான் டீ குடிப்பார். வெள்ளைச் சட்டை, காந்தத்தின் கனத்தால் இடது பை மட்டும் எப்போதும் தொங்கிப்போயிருக்கும். வடை எடுக்கக் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தால் கடைக்காரரின் இரும்பு இடுக்கி துள்ளிப்போய் அவர் பையில் ஒட்டிக்கொள்ளும். காசு கேட்டால் பையிலிருந்து சில்லறை தனித்தனியாக வராது, கொத்தாக வரும். அவருடைய ஏ.டி.எம். கார்டு அடிக்கடி வேலை செய்யாமல் போகும். பேங்க்காரர்கள் மட்டமான கார்டு கொடுக்கிறார்கள் என்று திட்டுவார். பேங்க்கையும் நம்பக் கூடாது என்பார். நாங்கள் சிரிப்போம். அந்த இடுக்கி எதற்காக அவ்வளவு ஆசையாகப் பாய்கிறது என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

பழைய கார் வாங்குகிறவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னென்ன செய்ய வேண்டும் என்பது இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் அவர் சொன்னதுதான். காலையில் இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் நிற்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறான். மீட்டரில் ஓடின கிலோமீட்டர் குறைவாக இருந்து பிரேக் பெடல் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் மீட்டரைத் திருப்பிவிட்டான். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெல்ட்டின் அடிப்பக்கம் சேற்றுக் கோடு தெரியும். வண்டிக்குள் சாம்பிராணி வாசனை ஜாஸ்தியாக இருந்தால் அது பக்தி இல்லை, உள்ளே ஊறின தண்ணீர் நாற்றத்துக்குப் போட்ட புகை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள் என்று சொல்கிறவனிடம் கட்டாயம் வண்டித் தரையில் விரித்திருக்கிற மிதியடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வார். சொல்லும்போது அவர் கை பெரும்பாலும் தன் யார்டுக்கு எதிர்த் திசையில் நீண்டிருக்கும்.

உறவு வைத்துத்தான் பேசுவார். தன்னைவிடப் பெரியவர் என்றால் மாமா, சின்னவர் என்றால் மச்சான். பெண்கள் எல்லோரும் அக்கா. ஒரு முறை டீக்கடைக்காரர் கேட்டார், இத்தனை பேரையும் மச்சான் என்றால் வீட்டில் அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கஸ்டமர்னு கூப்ட்டா வெலை பேசுவான். மச்சான்னு கூப்ட்டா வெட்கப்படுவான்."

மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தது நினைவிருக்கிறது. அந்த அம்மாவும் டீச்சர். இரண்டு பேரும் உஷாரானவர்கள். போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதில் சொல்வதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இவர் கோபப்படவில்லை. தானும் தலையை நீட்டி வீடியோவைப் பார்த்தார். நடுவில் நிறுத்தச் சொல்லி, இந்தத் தம்பி ஒன்றை விட்டுவிட்டான், ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லையே என்றார். டீச்சரம்மா கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில், இவ்வளவு நல்ல மனுசரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார்கள். எண்ணெய் இல்லை. அதற்குப் பிறகு வேறு எதையும் திறக்கவில்லை.

அந்த வண்டி விருத்தாசலம் ரயில்வே கேட்டில் நின்றுபோனது. தள்ளிவிட்டவர்கள் கைகளில் பெயின்ட்டோடு சேர்ந்து கதவின் ஓரமும் வந்ததாகக் கேள்வி. மறு வாரம் வாத்தியார் சண்டை போட வந்தார். டீக்கடை முழுவதும் திரும்பி உட்கார்ந்தது. காந்தக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் பையன் நிற்பதுபோல நின்றார். ஆனால் கேள்வி கேட்டது அவர்தான்.

"மொத வார்த்தை நான் என்னா சொன்னேன் சார்?"

வாத்தியார் முணுமுணுத்தார். நம்பாதீங்க என்று சொன்னீர்கள் என்றார்.

"என்னைச் சேர்த்தா, சேக்காமலா?"

"சேர்த்துதான்."

"பெறவு ஏன் சார் நம்புனீங்க? படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா, எங்க ஊரு சனம் என்னா பண்ணும்?"

சண்டைக்கு வந்த வாத்தியார் கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. வண்டி எங்களுடையது இல்லையே.

பிறகு எங்கள் வீட்டுக்கே கார் தேவைப்பட்டது.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் இருந்தான். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அவனுக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பண்ருட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. வருமானம் என்று ஒன்று வந்ததும் சொல்லுங்கள், அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அமைதிதான் அவனைக் கலக்கியது. ஒரு பழைய டாக்சி வாங்கிக் கடலூர், சிதம்பரம் சவாரி ஓட்டலாம், வேளாங்கண்ணி ட்ரிப் அடிக்கலாம் என்று முடிவு செய்தோம். அவன் கையில் இருந்தது, என் மனைவி கையில் கிடந்தது எல்லாம் அதில் போகும். ஒரு தடவைக்கு மேல் எங்களால் வாங்க முடியாது.

மச்சான் சிதம்பரத்தில் ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருந்தான். டாக்டர் ஓட்டின வண்டி என்று சொன்னார்களாம். டீக்கடையில் அவன் இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது காந்தக்காரர் பக்கத்து பெஞ்சிலிருந்து திரும்பினார். டாக்டர் வண்டி என்று சொன்னார்களா என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். சிதம்பரத்தில் இருக்கிற டாக்டர்களைவிட டாக்டர் வண்டிகள் ஜாஸ்தி என்றார். தனக்கு ஒன்றும் வேண்டாம், கூட வந்து காட்டிவிட்டு வருகிறேன், உங்களை மாதிரி வாயில்லாத ஆளை எல்லாம் தனியாக விடக் கூடாது என்றார். கடைசி வாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். டிக்கெட் அவர்தான் எடுத்தார். சிதம்பரம் பைபாஸ் ஓரத்தில் ஒரு சின்ன யார்டு. அதை நடத்தியவர் சந்தனப் பொட்டு வைத்த, குட்டையான மனிதர். எங்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். காந்தக்காரர் செருப்போடு ஏறினார். ஏறி, மூக்கை உறிஞ்சி, சீட் பெல்ட்டை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. அடிப்பக்கத்தில் பழுப்பாகச் சேற்றுக் கோடு. மிதியடியைத் தூக்கினார். கீழே தகரம் அப்பளம்போல உதிர்ந்தது.

"எந்த டாக்டருய்யா ஓட்டுனாரு? மீன் டாக்டரா?" என்று சத்தம் போட்டார். "புள்ளகுட்டிக்காரன் பொழைக்க வாங்கற வண்டிய்யா. ஏன்யா இப்படி ஊரை ஏமாத்தற?"

பொட்டுக்காரர் தலைகுனிந்து நின்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்காக இப்படி உரக்கப் பேச ஓர் ஆள் என் வாழ்க்கையில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க யார்டுலயே ஒண்ணு பாத்துக் குடுங்க மாமா என்றான். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னிடம் வேண்டாம் மச்சான், என்னையும் நம்பாதே என்றார். மச்சானின் கண்கள் கலங்கிவிட்டன.

மறுநாளே அவர் யார்டில் ஒரு வெள்ளை வண்டியைப் பார்த்தோம். காந்தம் மச்சான் கையில் வந்தது. முன்கதவு, பின்கதவு, டிக்கி, எங்கே வைத்தாலும் டக், டக். டிக்கியில் ஒட்டினதை மச்சான் இரண்டு கையாலும் பிடுங்கினான். எனக்கு மட்டும் மிதியடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அவர் பக்கத்தில்தான் நின்றார். எங்களுக்காக அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவர் முன்னால் குனிந்து மிதியடியைத் தூக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தூக்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. என் மனைவி மெழுகுவர்த்தி ஏற்றினாள், எலுமிச்சம்பழமும் வைத்தாள். பிறகு வீட்டுக்குள் போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதாவை எடுத்துவந்தாள். கோயிலுக்குப் போனபோது வெளியில் கடையில் வாங்கியது. நீலச் சேலையில் மாதா, பின்னால் பொட்டு அளவு காந்தம். அதை டிக்கியில் ஒட்டினாள். மாதா மெல்ல வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தாள்.

துடைத்துவிட்டு ஒட்டினாள். விழுந்தாள். பின்கதவில் ஒட்டினாள். விழுந்தாள். முன்கதவில் ஒட்டியபோது நின்றாள்.

"மாதாவுக்கு பின்னாடி உக்கார புடிக்கல போல" என்றான் மச்சான்.

"வாய மூடு" என்றாள் என் மனைவி. "இந்த வண்டியே புடிக்கல."

மச்சான் சிரித்துக்கொண்டேதான் வண்டியை முதுநகரில் ஒரு டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோனான். நானும் போனேன். கடைக்காரர் பின்பக்கத்தை விரலால் தட்டினார். சுவரைத் தட்டினதுபோலச் சத்தம் வந்தது. ஓர் ஓரத்தைச் சுரண்டியதும் பட்டி பாளம் பாளமாக வந்தது. அடியில் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறு வண்டி என்றார் அவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு இதை ஓட்ட வேண்டாம், பெரிய பள்ளத்தில் இறங்கினால் பின்சீட்டில் இருப்பவர்கள் வந்து சேர மாட்டார்கள் என்றார்.

காந்தம் நின்றதே என்று மச்சான் கேட்டான். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அது பெரிய ஸ்பீக்கர்ல இருந்து கழட்ன காந்தம்பா. பட்டிக்கு அடியில இருக்கற தகரத்தக்கூட தாவிப் புடிக்கும். பட்டி பாக்கறதுக்குச் சின்னக் காந்தம்தான் வேணும். உங்க மாதா கரெக்டா சொல்லியிருக்காங்க."

எனக்கு வடை இடுக்கி நினைவுக்கு வந்தது. எத்தனை வருடம் அந்த இடுக்கி எங்கள் கண் முன்னாலேயே பாய்ந்து பாய்ந்து சொன்னது.

என் மனைவி நன்றாகச் சண்டை போடுவாள். ரேஷன் கடையில் அவளுக்குத் தனி மரியாதை உண்டு. தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். போன வேகத்தில் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. என்ன ஆனது என்று கேட்டேன். முதல் வார்த்தை என்னா சொன்னேன் அக்கா என்று கேட்டாராம். அப்புறம் எப்படியோ பேச்சு போய், தம்பி பெண்டாட்டியை ஏன் பண்ருட்டிக்கு அனுப்பினீர்கள் என்பது வரைக்கும் வந்து, இவள் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பண்ருட்டியிலிருந்து போன் வந்தது. வண்டி வந்துவிட்டதாமே, எப்போது வரட்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். மச்சான் போனை என்னிடம் நீட்டினான். எனக்கும் பேச வரவில்லை. சிக்னல் கட்டாகிவிட்டதுபோல வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு நான் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வண்டியை எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. அவ்வளவுதான். யார்டுக்குள் நுழைந்ததும் அவர், வாங்க மாமா, வெயில்ல வரீங்களே, மோர் குடிங்க என்றார். வாக்கியம் மறந்துவிட்டது. மோரைக் குடித்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கணவனின் அம்மா. ஒரு சிவப்பு வண்டியைக் கேட்டார்கள். அவர் வழக்கம்போல எவனையும் நம்பாதீர்கள் என்றார், காந்தத்தைக் கொடுத்தார், தள்ளி நின்றார். டக், டக். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் சட்டைப் பையில் மாதா இருந்தாள். கிளம்பும்போது மனைவி போட்டு அனுப்பியது. எழுந்து போய், அவர்கள் காந்தம் வைத்த அதே இடத்தில் மாதாவை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறு என்ன செய்வதென்று தெரியாததால்தான்.

மாதா விழுந்தாள்.

அந்த அம்மா பதறிக் குனிந்து எடுத்தார். அவர் நெற்றி நிறையக் குங்குமம். மாதாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தானே மறுபடி வைத்தார். விழுந்தாள். இந்தக் காந்தம் நிற்கிறது, சாமி நிற்கவில்லையே என்று மகனைக் கேட்டார். அது பவர் கம்மி என்றார் காந்தக்காரர். மகன் மாதாவை வாங்கிப்போய் வாசலில் நின்ற தன் பழைய ஸ்கூட்டரில் வைத்தான். நின்றாள். ஸ்கூட்டரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். மாதாவை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு இன்னும் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவர் வந்தபோதும் நான் எழுந்துபோய் மாதாவை வைத்தேன். பிறகு வந்து உட்கார்ந்தேன். மறுநாளும் போனேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு மோர் கொடுப்பதை நிறுத்தினார். பிறகு என் முன்னால் வந்து குந்திக்கொண்டார்.

"மாமா, நாலு வார்த்தை திட்டுங்களேன். திட்டுனா நான் பதில் சொல்லலாம். இப்படி வாயத் தொறக்காம உக்காந்தா என்னா அர்த்தம்?"

திட்ட எனக்கும் ஆசைதான். வரவில்லை. வாத்தியாரையே மன்னிப்புக் கேட்க வைத்தவரிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை? முதல் வார்த்தை என்ன என்று கேட்டால் நானும் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். அந்தப் பயத்திலேயே வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து சந்தனப் பொட்டு வைத்த குட்டையான மனிதர் இறங்கினார். சிதம்பரத்துக்காரர். கூடவே ஒரு இளைஞன், தோளில் பை, புதுசாக வேலைக்குச் சேர்ந்தவன்போல இருந்தான். பொட்டுக்காரர் நேராக ஒரு பச்சை வண்டியிடம் போய், செருப்போடு ஏறி, சீட் பெல்ட்டை இழுத்தார்.

"எந்த மேனேஜருய்யா ஓட்டுனாரு? தண்ணி லாரி மேனேஜரா? ஏன்யா இப்படி ஊரை ஏமாத்தற?"

காந்தக்காரர் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றார். இளைஞனுக்கு உடம்பு சிலிர்ப்பது எனக்கு நாற்காலியிலிருந்தே தெரிந்தது. எனக்குச் சிலிர்த்த அதே சிலிர்ப்பு. சிதம்பரத்துக்காரர்களை அவர் இங்கே கூட்டிவந்து காப்பாற்றுகிறார். கடலூர்க்காரர்களை இவர் அங்கே கூட்டிப்போய்க் காப்பாற்றுகிறார். இளைஞன் மிதியடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பொட்டுக்காரர் தலைகுனிந்து நின்றவரின் காதோரம் மெதுவாகக் கேட்டார்.

"மாமா, அக்கா மீன் கொழம்பு வெச்சிருக்கறதா சொன்னுது. போவும்போது வீட்டாண்ட போயி வாங்கிக்கட்டுமா?"

ஊரெல்லாம் மச்சான் என்று கூப்பிட்டவருக்கு நிஜமான மச்சான் அந்த ஒருவர்தான்.

நான் எழுந்தேன். மாதாவைக் கையில் எடுத்துக்கொண்டு இளைஞனை நோக்கி நடந்தேன். காந்தக்காரர் குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார்.

"உக்காருங்க மாமா. சாயந்திரம் வண்டியக் கொண்டாந்து வுடச் சொல்லுங்க. குடுத்தத வாங்கிக்குங்க."

கொடுத்தார். குறைக்கவும் இல்லை. மச்சான் வண்டியை விட்டுவிட்டு வந்தான். கிளம்பும்போது அவர் என்னை மட்டும் கூப்பிட்டு, நான் அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் கேக்கல என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நான் பார்த்த வியாபாரிகளில் உண்மையை முதல் வாக்கியத்திலேயே சொன்னவர் அவர் ஒருவர்தான். பிறகு மாதாவை ஒரு தடவை காட்டச் சொன்னார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்னால் இருந்த காந்தத்தை நகத்தால் நெருடினார்.

"எங்க வாங்குனது?"

வேளாங்கண்ணி என்றேன். அந்த இரண்டு நாளில் நான் அவரிடம் பேசிய ஒரே வார்த்தை அது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மச்சான் பிறகு நெய்வேலிப் பக்கம் ஒருவரிடம் நேராக வீட்டுக்கே போய் ஒரு பழைய டாக்சி வாங்கினான். போகும்போது மாதாவையும் அந்த டிங்கரிங் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனான். பண்ருட்டிப் பஸ்ஸிலிருந்து அவன் மனைவி இறங்கினாள். முதல் வேலையாக மிதியடியைத் தூக்கிப் பார்த்தாள்.

காந்தக்காரரை அதற்குப் பிறகும் டீக்கடையில் பார்ப்பேன். வாங்க மாமா என்பார், தலையாட்டுவேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். இடது பை இப்போது முன்னைவிட அதிகமாகத் தொங்கியது.

சில மாதம் கழித்து எங்கள் பங்குச் சாமியார் கிராமங்களுக்குப் போய்வர ஒரு பழைய கார் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் மைதானத்தில் ஒரு நீல வண்டி நின்றது. வண்டிக்காரர் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார், சாயங்காலம் முன்பணம் கொடுக்கப் போகிறேன் என்றார் ஃபாதர். சுற்றிலும் ஆட்கள். வண்டியின் பின்கதவில் நீலச் சேலையில் ஒரு வேளாங்கண்ணி மாதா ஒட்டியிருந்தாள்.

"நல்ல மனுசன்பா" என்றார் ஃபாதர். "வேற மதம், ஆனா என்னா மரியாதை. அவரே மாதாவக் குடுத்து, நீங்களே வெச்சிப் பாருங்க ஃபாதர்னாரு. இந்துக்கள் வந்தா நடராஜர், முஸ்லிம் வந்தா பெறை. எல்லாம் தனித்தனியா வெச்சிருக்காரு. புடுங்கிப் பாரு. வராது. அவ்வளவு உறுதி."

பிடுங்கிப் பார்த்தேன். வரவில்லை. அவ்வளவு சிறிய படத்துக்குப் பின்னால் அவ்வளவு கனம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து எங்கள் வீட்டு மாதாவை எடுத்து அந்த மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு மாதா எதுக்குப்பா?" என்றார் ஃபாதர்.

எங்கள் மாதா மெல்ல வழுக்கிக்கொண்டு கீழே வந்தாள். ஃபாதர் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, தானே வைத்தார். மறுபடி வழுக்கினாள். இந்த முறை தரையில் விழுவதற்குள் கையில் பிடித்துக்கொண்டார். கையில் இருந்த மாதாவைப் பார்த்தார். கதவில் இருந்த மாதாவைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கிக் கதவை மெதுவாகத் தட்டினார். சுவரைத் தட்டினதுபோலச் சத்தம் வந்தது.

சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஃபாதர் என்னிடம் மட்டும், பாவமன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்:

"மொத வார்த்தையே சொன்னாருப்பா, என்னை நம்பாதீங்க ஃபாதர்னு. அதனாலதானே நம்புனேன்."